பதினோரு கோடு

அடுக்களைச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அம்மா கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பிள்ளைக்குத் துணி மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவி, முந்தானையில் துடைத்து, காலண்டர் ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவால் ஒரு கோடு. நாலு கோடு ஆனால் ஐந்தாவது குறுக்கே விழும், பால்காரருக்குக் கணக்கு வைப்பது மாதிரி. என் மகள் பிறந்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பதினோரு கோடு ஆகிவிட்டது. வெளியே ஐப்பசி மழை நின்றபாடில்லை. திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டைச் சுற்றி ரப்பர்தான், நாலு நாளாகப் பால்வெட்டும் கிடையாது. துவைத்த துணி எதுவும் காயாமல் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் புகையில் உலர்த்திக்கொண்டிருந்தோம். துணி தீர்ந்துபோய் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழிக்கத் தொடங்கியபோதுதான் அம்மா என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "மக்களே, இது நல்லதுக்கில்ல. பத்து தாண்டியாச்சு. பிள்ளைக்கு வயிறு போவுது" என்றாள்.

மகளுக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. ஓடுகிறாள், ஏசுகிறாள், மட்டிப்பழம் என்றால் நாலு தின்பாள். ஆனாலும் அந்த ராத்திரி எனக்குள் இன்னும் ஆறவில்லை. ஒரு குறையும் இல்லாத பிள்ளைக்கு ஒன்பது மணி நேரம் நான் பால் கொடுக்காமல் இருந்தேன். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நானும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லோரும் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தோம். அதனால்தான் இதை எழுதாமல் விட முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நிறையச் சொல்லித்தான் அனுப்பினார்கள். தொப்புள்கொடியில் எதுவும் தடவக்கூடாது, ஆறாவது வாரம் தடுப்பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால், தையல் போட்ட இடத்தை எப்படிக் கழுவுவது, இரும்புச்சத்து மாத்திரையை எத்தனை நாள் போடுவது. பிள்ளையின் மலத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, "காட்டுப்பீ போயாச்சா?" போயாச்சு என்றேன், ஏதோ தாளில் டிக் அடித்தார்கள். அதற்கு அப்புறம் என்ன வரும், எந்த நிறத்தில் வரும், எவ்வளவு தண்ணீராக வரும், எத்தனை தடவை வரும் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. முதல் பிள்ளைக்காரிக்கு எதைக் கேட்பது என்று எங்கே தெரியும்.

காட்டுப்பீ பற்றி எல்லா வீட்டிலும் தெரியும். கறுப்பாக, தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, எண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் போகும். வயிற்றுக்குள் இருந்தபோது பிள்ளை விழுங்கிய பனிக்குட நீர், உதிர்ந்த தோல், பித்தம் எல்லாம் சேர்ந்தது அது. பிறந்து ஒரு நாளுக்குள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் அது வெளியே வந்தாக வேண்டும், வராவிட்டால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். சீம்பால் குடிக்கக் குடிக்க அது இளகி வெளியேறும். மூன்று, நாலாம் நாள் பச்சையும் பழுப்புமாக மாறும், தாய்ப்பால் நன்றாகக் கிடைத்தால் ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாகிவிடும். என் மகளுக்கும் அப்படித்தான் ஆனது. மஞ்சளைப் பார்த்ததும் அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் அந்த மஞ்சள் தண்ணீர் மாதிரி வந்தது, நடுவில் குறுணை மாதிரி தரிதரியாக ஏதோ இருந்தது, பால் குடிக்கக் குடிக்கவே சத்தத்தோடு வந்தது. ஏழாம் நாள் ஏழு தடவை, எட்டாம் நாள் ஒன்பது, ஒன்பதாம் நாள் சாயங்காலத்துக்குள் பதினொன்று.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு மாந்தம் என்றார். முந்தின நாள் நான் சாளை மீன் கறி கூட்டிச் சாப்பிட்டதுதான் காரணம் என்று ஆகிவிட்டது. வயம்பு, அதாவது வசம்பு, சுட்டு உரசி நாக்கில் தடவச் சொன்னார், அது நல்லவேளையாக வீட்டில் இல்லை. அப்பா குடையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். கடையில் இருந்தவர் பிள்ளையைப் பார்க்காமலே ஒரு சொட்டு மருந்துக் குப்பியைக் கொடுத்து, தாய்ப்பால் சேரவில்லை போலிருக்கிறது, ஒரு நாள் நிறுத்திவிட்டுப் பொடிப்பால் கொடுத்துப் பாருங்கள் என்று ஒரு டின்னையும் கையில் கொடுத்துவிட்டார். அந்த டின்னின் மேலேயே தாய்ப்பால்தான் பிள்ளைக்குச் சிறந்தது என்று அச்சடித்திருந்தது. 1992ஆம் வருடத்துச் சட்டம் அப்படி அச்சடிக்கச் சொல்கிறது. நான் அதைப் படித்தேன், படித்தும் எனக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் என் மனதில் அப்போது ஓடியதெல்லாம் பதினோரு கோடுதான்.

என் வீட்டுக்காரர் நாகர்கோவிலில் இருந்து போனில், காலையில் யாரிடமாவது கேட்காமல் மருந்து மட்டும் கொடுக்காதே என்று சொன்னதால் சொட்டு மருந்தின் மூடியைத் திறக்கவில்லை. டின்னையும் திறக்க மனம் வரவில்லை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்குப் பாலை நிறுத்தினேன். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை போட்டு அம்மா கரண்டியில் ஊட்டினாள். பிள்ளை அதை நக்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்து தலையை இரண்டு பக்கமும் திருப்பித் தேடியது. அந்தத் தேடலை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து மணிக்கெல்லாம் என் மார்பு இரண்டும் கல்லாகிவிட்டது. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டதும் பால் தானாக ஒழுகி ரவிக்கை நனைந்தது. இந்தப் பக்கம் ஒழுகிக்கொண்டு இருக்கிறது, அந்தப் பக்கம் பிள்ளை பசியில் அழுகிறது, நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா சொன்ன கதை

நடு ராத்திரி தாண்டி, பிள்ளை அழுது களைத்துத் தூங்கிய பிறகு, அம்மா என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். முப்பது வருடத்தில் அதற்கு முன் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான். நாலு மாதத்தில் இறந்துபோனான். அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. அம்மச்சி, அம்மாவைப் பெற்றவள், அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், கொட்டை உடைக்கப் போகிறவள், காலையில் ஆறு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். அதனால் பிள்ளைக்குப் பசும்பாலில் தண்ணீர் கலந்து கண்ணாடிக் குப்பியில் ரப்பர் நிப்பிள் மாட்டிக் கொடுப்பது அம்மாவின் வேலை. ஏழு வயதுப் பிள்ளை குப்பியை எப்படிக் கழுவியிருக்கும்? ஒருநாள் தம்பிக்கு வயிறு போகத் தொடங்கியது. வீட்டில் இருந்த பெரியவர்கள், வயிற்றுக்கு ஒன்றும் கொடுக்காதே, குடல் காயட்டும், தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா ஓலை விசிறியை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். பத்து வரைதான் அவளுக்குச் சரியாக எண்ணத் தெரியும். பத்துக்கு மேலே போனபோது ஓடிப்போய் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் விடியக்காலையில் பிள்ளை இல்லை. "நாக்கு கட்டை மாதிரி காஞ்சு கெடந்துது மக்களே" என்றாள். அதற்கு மேல் அவள் பேசவில்லை.

அப்போதுதான் அந்தக் கோடுகள் எனக்குப் புரிந்தன. பத்து என்ற எண் அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. அது 1970களின் நடுவில் நடந்தது. வங்காள எல்லையில் பாங்கான் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் 1971லேயே உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே காலராவில் சாகிறவர்களைக் காப்பாற்றிக் காட்டியிருந்தார், முகாமில் 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால் அந்தச் செய்தி அம்மச்சி வீட்டு முற்றத்துக்கு வந்து சேரவில்லை. அந்தக் குழந்தை பேதியால் மட்டும் போகவில்லை, உடம்பில் இருந்து போன தண்ணீரைத் திரும்பக் கொடுக்காததால் போனது. அதே வைத்தியத்தைத்தான் அரை நூற்றாண்டு கழித்து அதே பயத்தில் நாங்கள் மூன்று பேர், படித்தவர்கள், இந்தப் பிள்ளைக்கும் செய்துகொண்டிருந்தோம். தண்ணீரையாவது கொடுத்தோம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் தாய்ப்பாலில் இருப்பது எதுவும் அந்தச் சர்க்கரைத் தண்ணீரில் இல்லை.

ஐந்து மணிக்குப் பிள்ளை விழித்தது. அம்மா கண்ணயர்ந்திருந்தாள். நான் எடுத்து மார்பில் வைத்தேன். முதலில் மார்பு கல்லாக இருந்ததால் பிள்ளையால் பிடிக்க முடியவில்லை, கொஞ்சம் பீய்ச்சிவிட்டு மறுபடி வைத்தேன். பிடித்ததும் அது குடித்த வேகம் இருக்கிறதே, தொண்டை ஒவ்வொரு மடக்குக்கும் சத்தம் போட்டது. ஐந்து நிமிடம் ஆகவில்லை, கீழே பொரபொரவென்று சத்தம். அடுத்த அறையில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பேனா எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வந்து வாசலில் நின்று பிள்ளை குடிப்பதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

ஜன்னல் பக்கம்

பத்து மணிக்கு எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் வந்தார். அவரை நாங்கள் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது, இந்தச் சுற்று வட்டாரத்தில் பாதிப் பேரைப் பிறந்த கையோடு பார்த்தவர். குடையை முற்றத்தில் விரித்து வைத்துவிட்டுக் கை கழுவித்தான் உள்ளே வந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பதினொன்று, பதினொன்று என்று சொன்னோம். அவர் காலண்டரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், "கடைசியா மாத்துன துணி எங்க?" என்று கேட்டார்.

அந்தத் துணியை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். எனக்கு அந்தக் காட்சி அப்படியே நிற்கிறது. அப்பாவின் வேட்டித் துணி, கரை நூல் ஓரத்தில் தெரிகிறது, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது வெறும் தண்ணீர் இல்லை. ஆட்டிய கடுகு மாதிரி மஞ்சள் கூழ், அதில் எள் அளவில் வெள்ளையும் மஞ்சளுமாகத் தரி. கூழ் துணியின் மேலேயே நிற்கிறது, அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத்தான் ஈரம் படர்ந்திருக்கிறது. சிஸ்டர் முகம் சுளிக்காமல் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார். "மோந்து பாருங்க. நாத்தம் இருக்கா?" அம்மா தயங்கி மோந்தாள். "புளிச்ச மோரு மாதிரி இருக்கு." "அவ்வளவுதான். பேதின்னா நாறும், தண்ணி மட்டும் ஊறிப்போய்க் கெடக்கும், மலம் கொஞ்சமாத்தான் இருக்கும். இதுல தண்ணிய விட மலம்தான் ஜாஸ்தி, பாத்தியளா?"

அப்புறம் பிள்ளையிடம் வந்தார். உச்சிக்குழியை விரலால் மெல்லத் தடவினார், பள்ளம் இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டார், விட்டதும் சட்டென்று படிந்தது. சுண்டுவிரலை வாயில் வைத்தார், வாய் ஈரமாக இருந்தது, பிள்ளை விரலை வலுவாக இழுத்தது. என்னிடம், "மூத்திரம் எத்தனை தடவை?" என்றார். எங்கள் மூன்று பேருக்கும் பதில் தெரியவில்லை. மலத்தை எண்ணினோமே தவிர, மூத்திரத்தை யாரும் எண்ணவில்லை. நேற்று மாற்றிய துணி எல்லாமே முன்பக்கமும் நனைந்திருந்தது என்று அம்மா யோசித்துச் சொன்னாள். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் வெளுப்பாக மூத்திரம் போனால் பிள்ளைக்குப் பால் போதுகிறது, உடம்பில் தண்ணீர் இருக்கிறது என்றார் சிஸ்டர். கடைசியாகப் பையில் இருந்து தொங்கு தராசை எடுத்து உத்தரத்தில் மாட்டினார். பிறந்தபோது 2 கிலோ 900 கிராம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வரும்போது 2 கிலோ 700. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் முதல் சில நாளில் குறைவது சகஜம்தான், இரண்டு வாரத்துக்குள் அது திரும்பி வர வேண்டும். அன்றைக்கு முள் 2 கிலோ 860இல் நின்றது. "பேதி புடிச்ச பிள்ள ஒரு வாரத்துல 160 கிராம் கூடுமா மக்களே?" என்று என்னைக் கேட்டார். "பேடிக்காண்டாம், கேட்டியா. பால நிறுத்தாத. ராத்திரி நிறுத்துன மாதிரி இனி நிறுத்திராத."

நான் நிறுத்தினேன் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. என் ரவிக்கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்.

அவர் போன பிறகு நானும் இதைப் பற்றித் தேடிப் படித்தேன், எனக்குத் தெரிந்த குழந்தை டாக்டரிடமும் கேட்டேன். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையின் மலம் அப்படி இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தாய்ப்பாலில் லாக்டோஸ் என்கிற சர்க்கரை அதிகம், பசும்பாலில் இருக்கும் கேசீன் என்கிற கட்டிப் புரதம் குறைவு. பிள்ளையின் சிறுகுடலால் அந்தச் சர்க்கரை முழுவதையும் உடைக்க முடியாது, மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்கே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. அது போக, பிள்ளையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைகளும் தாய்ப்பாலில் ஏராளம். அவை பிள்ளைக்கான உணவு இல்லை, குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்கான உணவு. அந்தக் கிருமிகள் அதைப் புளிக்கவைக்கின்றன, அதுதான் அந்த மோர் வாசனை. கெட்ட கிருமி அந்தப் புளிப்பில் எளிதில் தங்காது. வயிற்றில் பால் இறங்கியதும் பெருங்குடல் தானாக அசையும், அதனால்தான் குடிக்கும்போதே போகிறது. பத்து தடவை குடித்தால் பத்து தடவை போனாலும் ஆச்சரியமில்லை. மஞ்சள் நிறம் பித்தத்தால் வருவது. மஞ்சள்காமாலையை உண்டாக்கும் அதே பொருள்தான் மலத்தில் வெளியேறுகிறது, ஆகவே முதல் வாரத்தில் நிறைய போகப்போகக் காமாலையும் இறங்கும். இடையில் ஒன்றிரண்டு தடவை பச்சையாக வந்தாலும் பிள்ளை சுறுசுறுப்பாக இருந்தால் அதற்காகவே பயப்பட வேண்டியதில்லை. நான் தின்ற சாளைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, முதல் மாதத்தில் நாம் பயப்பட வேண்டியது நிறைய போவதைப் பார்த்து இல்லை, குறைவாகப் போவதைப் பார்த்துத்தான். ஐந்தாம் நாளுக்கு அப்புறமும் ஒரு நாளைக்கு ஒரு தடவையோ அதுகூட இல்லாமலோ இருந்து, மூத்திரமும் குறைந்தால், பிள்ளைக்குப் பால் சரியாகக் கிடைக்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அதாவது அம்மாவின் பதினோரு கோடும் என் பால் பிள்ளைக்குப் போதிய அளவு கிடைக்கிறது என்பதற்கான கணக்கு.

ஒரே வார்த்தை

எனக்குத் தோன்றுவது இதுதான். நம் பேச்சில் இந்த இரண்டுக்கும் ஒரே வார்த்தை இருக்கிறது. பேதியானாலும் "வயிறு போவுது". பால் குடிக்கிற பிள்ளை சாதாரணமாக இளகப் போனாலும் "வயிறு போவுது". வார்த்தை ஒன்றாக இருப்பதால் பயமும் ஒன்றாகிவிடுகிறது, பயம் ஒன்றானால் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது. ஆஸ்பத்திரிக் கணக்கிலும் ஒரு நாளைக்கு மூன்று தடவை, அதற்கு மேல் தண்ணீராகப் போனால் பேதி என்று இருக்கிறது. அந்தக் கணக்கைத் தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பச்சைப்பிள்ளைக்கு வைத்தால் ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் பேதிதான். அதனால்தான் உலக சுகாதார நிறுவனமே, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை அடிக்கடி இளகலாகப் போவது பேதி இல்லை என்று தனியாகச் சொல்லி வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளை வழக்கமாக எப்படிப் போகும், இன்று அது மாறியிருக்கிறதா, மலத்தை விடத் தண்ணீர் கூடியிருக்கிறதா என்றுதான் பார்க்கச் சொல்கிறார்கள். நேற்றைய துணியை நினைவில் வைத்திருந்தால்தான் இன்றைய துணியைப் படிக்க முடியும். அதற்கு அம்மாவைப் போல எண்ணுகிற ஆள் வேண்டும்தான், ஆனால் எண்ணினால் மட்டும் போதாது. கடையில் வாங்கும் டயப்பரைக் கட்டினால் இது இன்னும் கஷ்டம். தண்ணீரை அது குடித்துவிடும், மலம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, மூத்திரம் போனதா இல்லையா என்று எதுவும் தெரியாது. சந்தேகமாக இருக்கிற ஒரு நாளாவது பருத்தித் துணி கட்டிப் பார்ப்பது நல்லது.

இரண்டு மாதம் ஆனபோது இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது, ஐந்து நாள் மகள் போகவே இல்லை. வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டு வைக்கலாம் என்று பேச்சு வந்தது. இந்தத் தடவை நான் விடவில்லை. ஒன்றரை மாதத்துக்கு அப்புறம் தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைகள் சில நாள், ஒரு வாரம்கூடப் போகாமல் இருப்பதுண்டு. வயிறு மெத்தென்று இருந்து, வாந்தி இல்லாமல், பால் குடித்து மூத்திரம் போனால் காத்திருக்கலாம். ஆறாம் நாள் போனது, அதே மஞ்சள் கூழ், அளவு மட்டும் மூன்று துணிக்கு.

நிஜமான பேதி

நிஜமான பேதியை மகளுக்கு ஐந்து மாதத்தில் பார்த்தேன். திங்கள்சந்தை பக்கம் ஒரு கல்யாணம். பிள்ளை கை மாறிக் கை மாறிப் போனது, யாரோ தாகமாக இருக்கும் என்று தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், ஆறு மாதம் வரை தண்ணீரே தேவையில்லை என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. அந்தத் தண்ணீரால்தான் வந்ததா, ஏதோ ஒரு கையிலிருந்து வந்ததா, தெரியாது. மறுநாள் ராத்திரி முதல் துணியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தரி இல்லை. கூழ் இல்லை. துணி முழுக்க ஊறி அடியில் இருந்த ரப்பர் ஷீட்டில் தேங்கி நின்றது, ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு வளையம். வாசனை மாறியிருந்தது, அழுகிய நாற்றம். நேற்று வரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை போன பிள்ளை, விடிவதற்குள் ஏழு தடவை. இரண்டு தடவை வாந்தி. கடைசியாக எப்போது மூத்திரம் போனது என்று யோசித்தேன், ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. கண் கொஞ்சம் உள்ளே போனது மாதிரி இருந்தது. எடுத்தால் சிணுங்குகிறாள், கீழே விட்டால் தூங்குகிறாள். எண்ணிக்கை பார்த்தால் பிறந்த ஒன்பதாம் நாளை விடக் குறைவுதான்.

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் பால் கொடுத்துக்கொண்டே போனேன். அங்கே ஓ.ஆர்.எஸ் என்கிற உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஒரு நிமிடத்துக்கு ஒரு சின்னக் கரண்டி என்று ஊட்டச் சொன்னார்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி மெதுவாக. ஒரு பாக்கெட்டை அதன் மேல் போட்டிருக்கிற அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், எங்களுக்குக் கொடுத்தது ஒரு லிட்டருக்கானது, கால் பாக்கெட், அரை டம்ளர் என்று கண் அளவில் கரைக்கக் கூடாது, கரைத்ததை ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது ஜிங்க் மாத்திரை, தினமும் பாதி. கரண்டியில் கொஞ்சம் தாய்ப்பாலைப் பீய்ச்சி, அதில் அரை மாத்திரையைப் போட்டால் நொடியில் கரைந்துவிடும், அப்படியே ஊட்டிவிடலாம். பேதி மூன்று நாளில் நின்றது, ஆனாலும் பதினாலு நாளும் கொடுக்க வேண்டும் என்றார்கள், கொடுத்தோம். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தச் சொல்லவில்லை, கூட்டிக் கொடுக்கத்தான் சொன்னார்கள். வயிற்றைக் கட்டுகிற மருந்து எதுவும் கொடுக்கவில்லை, பச்சைப்பிள்ளைக்கு அது ஆபத்து.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் எழுதுவதைப் படித்துவிட்டு எதுவானாலும் சகஜம்தான் என்று யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலோ, வழக்கத்துக்கு மாறி ஜில்லென்று இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் எழும்பாமல் துவண்டாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ காத்திருக்கக் கூடாது, ராத்திரி என்றாலும் மழை என்றாலும் 108ஐக் கூப்பிட்டுப் போய்விட வேண்டும். மலத்தில் ரத்தம் தெரிந்தால் காட்ட வேண்டும். அம்மாவின் மார்புக் காம்பு வெடித்து அந்த ரத்தத்தைப் பிள்ளை விழுங்கியதாகவும் இருக்கலாம், ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மலம் வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி, களிமண் மாதிரி வந்தால் அதுவும் அவசரம். பிள்ளை சிரித்துக்கொண்டு பால் குடித்துக்கொண்டு இருந்தாலும் அவசரம். பித்தக்குழாய் அடைப்பாக இருந்தால் இரண்டு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் பலன் அதிகம், நாள் போகப்போக ஈரல் கெட்டுவிடும். மஞ்சளைப் பார்த்துப் பதறுகிற நம் வீடுகளில் இந்த வெள்ளையை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்றுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரியில்தான். வீட்டுக்கு அனுப்பும்போது தையல் பற்றிச் சொல்வது மாதிரி, தொப்புள் பற்றிச் சொல்வது மாதிரி, பிள்ளையின் துணியைப் பற்றியும் இரண்டு நிமிடம் சொல்லலாம். ஐந்தாம் நாள் முதல் மஞ்சளாக, கடுகுக் கூழ் மாதிரி, பால் குடிக்கும் போதெல்லாம் போகும், அது பேதி இல்லை, பாலை நிறுத்தாதீர்கள். இவ்வளவு போதும். கூடவே அம்மாவையும் மாமியாரையும் உட்காரவைத்துச் சொன்னால் இன்னும் நல்லது, முடிவெடுப்பது பெரும்பாலும் பெற்றவள் இல்லை.

போன ஆனி மாதம் தங்கைக்குப் பிரசவம். அதே வீடு, அதே கட்டில், அடுப்புக்கு மேலே அதே கயிறு. எட்டாம் நாள் நான் பிள்ளையைப் பார்க்கப் போனேன். தங்கை கண்கலங்கி, அக்கா காலையில இருந்து எட்டு தடவை போயாச்சு என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள், "அதுல பதறாண்டாம். மூத்திரம் ஒம்பது." போய்ப் பார்த்தேன். காலண்டரில் கோடுகள் இப்போது இரண்டு வரிசையாக இருந்தன. மேல் வரிசைக்குப் பக்கத்தில் மூ என்று எழுதியிருந்தாள். ஜன்னல் கம்பியில் கடைசியாக மாற்றிய துணி, வெளிச்சத்தைப் பார்த்து விரித்துப் போட்டிருந்தது.